யார் பெயரில் போடுவது

வரி கட்டப் போகிறவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நாகூர் பஸ் கண்டக்டர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார். இஸ்திரி போட்ட வெள்ளை வேட்டியும், தீபாவளிக்கு எடுத்து இன்னும் மடிப்புக் கலையாத சட்டையுமாக அமிர்தலிங்கம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் பான் கார்டு, ஆதார், பாஸ்புக். பக்கத்தில் அவன் மனைவி நீலாயதாட்சி. அவள் பாட்டுக்கு, நாளைக்குச் சரக்கை எந்த ஊருக்குக் கொண்டுபோவது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

நீலாவுக்குக் கருவாட்டு வியாபாரம். துறைமுகத்தில் மீனை ஏலம் எடுத்து, உப்புப் போட்டு, மணலில் வலையை விரித்துக் காயவைத்து, திருவாரூர்ப் பக்கத்து வயல்காட்டு ஊர்களுக்குக் கொண்டுபோய் விற்பாள். நடவு சமயத்திலும் அறுப்பு சமயத்திலும் அந்த ஊர்களில் கருவாட்டுக் குழம்பு இல்லாமல் வேலை ஓடாது. ஆனால் கூடையோடு பஸ்ஸில் ஏறினால் பாதிப் பேர் மூக்கைப் பொத்துவார்கள், மீதிப் பேர் விலை கேட்பார்கள். கண்டக்டர்கள் எல்லாரும் மூக்கைப் பொத்துகிற கட்சி. அதனால் சொந்தமாக ஒரு குட்டி யானை, அதுதான் அந்தச் சின்ன லோடு வண்டி, வாங்கிவிட வேண்டும் என்று அவள் ரொம்ப நாளாக ஆசைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

கடன் கேட்டுப் போன இடத்தில் பேங்க் மேனேஜர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "தரலாம்மா. வருமானம் இருக்குன்னு காட்டணுமே. இன்கம்டாக்ஸ் ரிட்டர்ன் ஏதாவது போட்டிருக்கீங்களா?" என்று நீலாவைப் பார்த்துக் கேட்டார்.

"இல்ல சார். என் பேர்ல போட்டுடறேன்" என்று பதில் சொன்னது அமிர்தலிங்கம். அவனை யாரும் கேட்கவில்லை.

அவன் ஏன் அப்படி முந்திக்கொண்டான் என்றால், அவர்கள் ஊரில் வரி என்ற சொல்லுக்கே வேறு அர்த்தம். மணல்மேட்டுக்குப்பத்தில் கல்யாணம் ஆகிக் கடலுக்குப் போகிற ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று ஊருக்கு வரி கொடுக்க வேண்டும். கோயில் திருவிழாவோ, வழக்குப் பஞ்சாயத்தோ, புயல் நிவாரணமோ, எல்லாம் அந்தக் கணக்கில்தான் நடக்கும். வரி கொடுக்கிறவன் வரிக்காரன். கூட்டத்தில் அவன் எழுந்து பேசலாம், பேசினால் மற்றவர்கள் கேட்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை கோயில் வாசலில் ஊர்க்கூட்டம் போட்டு ஒவ்வொரு பெயராக வாசிப்பார்கள். பெயர் வந்ததும் "இருக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். அமிர்தலிங்கத்தின் "இருக்கேன்" கடற்கரை வரைக்கும் கேட்கும்.

விசைப்படகில் வலை இழுக்கிற விஞ்சில் சிக்கி அவனுடைய வலது கையில் இரண்டு விரல்கள் போனதும் கடல் தொழிலும் போயிற்று. அடுத்த ஊர்க்கூட்டத்தில் அவன் வழக்கமான இடத்தில் போய் உட்கார்ந்தான். பெயர்களை வாசித்துக்கொண்டே வந்தார்கள். அவனுக்கு முன்னால் வர வேண்டிய பெயர் வந்தது, பின்னால் வர வேண்டிய பெயரும் வந்தது. தொண்டையில் தயாராக வைத்திருந்த "இருக்கேன்" தொண்டையிலேயே நின்றுவிட்டது. பஞ்சாயத்தார் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. கை போனவனிடம் காசு கேட்கக் கூடாது என்று இரக்கப்பட்டுத்தான் வரியிலிருந்து விலக்கியிருந்தார்கள். அந்த இரக்கத்தை மட்டும் அவனால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு அவனுக்கு வீட்டு வேலைதான். மீன் கழுவுவது, காய்கிறதைத் திருப்பிப் போடுவது, காக்காய் விரட்டுவது. வாடிக்கைக்காரர்கள் பணம் அனுப்புகிற க்யூஆர் அட்டை மட்டும் அவன் பெயரில் இருந்தது, ஏனென்றால் பெரிய போன் அவனிடம்தான் இருந்தது. நீலாவிடம் இருந்தது பட்டன் போன். ஒவ்வொரு தடவையும் "பணம் வரவாகியுள்ளது" என்று போன் சத்தம் போடும்போது அவனுக்குத் தானே சம்பாதித்த மாதிரி ஒரு நிறைவு வரும்.

ஆகவே அந்த மேனேஜர் வரி என்றதும் அமிர்தலிங்கத்தின் தலைக்குள் ஒரு விளக்கு எரிந்தது. ஊர் நீக்கிவிட்ட பெயரை அரசாங்கம் எழுதிக்கொள்ளப் போகிறது. டீக்கடையில் இரண்டு நாள் அதே பேச்சு. "ஊருக்கு வரி குடுக்கறது பெரிசா? நான் டெல்லிக்கே குடுக்கப் போறேன்" என்று அவன் சொன்னதைக் கேட்டு, டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் டீயைக் கீழே ஊற்றிவிட்டார்.

நாகூரில் தர்காவுக்குப் போகிற தெருவில், வாடா என்கிற இறால் பலகாரம் சுடுகிற ஒரு கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் இருந்தது தஹ்மீனாவின் அலுவலகம். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், மூன்று நாற்காலி, ஒரு மின்விசிறி. பி.காம் படித்துவிட்டு, ஒரு ஆடிட்டரிடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது தனியாக ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறவள். முந்தின வருஷம் மகளிர் குழுக் கடனுக்காக நீலாவுடைய பான் கார்டையும் ஆதாரையும் இணைத்து வருமான வரித் தளத்தில் பதிந்து கொடுத்தவளும் அவள்தான்.

"வாங்கக்கா, வாங்கண்ணே. உக்காருங்க" என்றாள். "யாருக்குப் போடணும்?"

"எனக்கு" என்றான் அமிர்தலிங்கம்.

நீலா மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஒரு சந்தேகம் தங்கச்சி" என்று அவன் தொடங்கினான். "ரிட்டர்னு ரிட்டர்னுங்கறாங்களே, கட்டுன பணம் திரும்பி வருமா?"

"அதிகமாப் பிடிச்சிருந்தா வரும்ணே. ஆனா ரிட்டர்ன்னா அது இல்ல. இந்த வருஷம் எனக்கு இன்ன வழியில இவ்வளவு வருமானம் வந்துச்சு, அதுக்கு இவ்வளவு வரி, அதைக் கட்டிட்டேன், இல்லன்னா கட்ட வேண்டியதில்லன்னு நாமளே கணக்குச் சொல்லறது. யாரும் வந்து கேக்கறதுக்கு முன்னாடி நாமளே சொல்லிடணும்."

"எந்த வருஷத்துக்கு?"

"போன ஏப்ரல் ஒண்ணுலேர்ந்து இந்த மார்ச் முடிய."

அமிர்தலிங்கத்துக்கு இது ஒப்பவில்லை. அவனுக்குத் தெரிந்து வருஷம் என்பது மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகு கடலில் இறங்குகிற நாளில் தொடங்கி, அடுத்த தடைக்காலத்தில் கரையேறுகிற நாளில் முடிகிறது. "ஏப்ரல்ல ஆரம்பிச்சு ரெண்டு வாரத்துல போட்டெல்லாம் கரைக்கு வந்துடுமே. இது யாரு வச்ச வருஷம்?" என்று கேட்டான். தஹ்மீனா சிரித்துவிட்டு, அது கரையில் இருக்கிறவர்கள் வைத்த வருஷம் என்றாள்.

பிறகு அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். சம்பளம் உண்டா, வாடகை வருகிறதா, நிலம் விற்றீர்களா, பேங்கில் டெபாசிட் இருக்கிறதா. எல்லாவற்றுக்கும் இல்லை என்றான். சேமிப்புக் கணக்கில் வருகிற சில்லறை வட்டியைக்கூடச் சொல்ல வேண்டும் என்று அவள் சொன்னபோது, அவ்வளவு துல்லியமா என்று அவனுக்கு மரியாதை கூடியது. பான் எண்ணைத் தட்டினால் பேங்கிலிருந்து போன விவரம் பலதும் அவர்களிடமே இருக்கும், நாம் சொல்வதும் அவர்களிடம் இருப்பதும் ஒத்துப்போக வேண்டும் என்றாள்.

"அப்ப வியாபாரம்தான் வருமானம். சின்ன வியாபாரத்துக்கு நாலாம் நம்பர் படிவம். சுகம்னு பேரு வச்சிருக்காங்க."

"வரி கட்டறதுல என்னம்மா சுகம்?"

"இதுல கொஞ்சம் சுகம்தாண்ணே. ஒவ்வொரு செலவுக்கும் பில் கேக்க மாட்டாங்க. மொத்த விற்பனையில குறைஞ்சது இவ்வளவு பங்கு லாபம்னு சட்டத்துலயே ஒரு கணக்கு இருக்கு. பேங்க் வழியா வந்ததுக்கு ஒரு பங்கு, கையில வாங்கினதுக்குக் கொஞ்சம் கூட. அதுக்கு மேல லாபம் வந்திருந்தா உள்ளதைச் சொல்லிடணும்."

பாஸ்புக்கைப் புரட்டி, கையில் வாங்கின விற்பனையை விசாரித்து, அவள் கணக்குப் போட்டாள். அமிர்தலிங்கம் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தான். "எவ்வளவு கட்டணும்?"

"ஒண்ணுமே கட்ட வேண்டாம்ணே. இந்த வருமானத்துக்கு வரி வராது."

அவன் முகம் விழுந்துவிட்டது. "கொஞ்சமாவது கட்டலாமா?"

தஹ்மீனா கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு அவனைப் பார்த்தாள். "இந்த நாற்காலில உக்காந்து இப்படிக் கேட்ட மொத ஆளு நீங்கதான். வரி இல்லன்னாலும் ரிட்டர்ன் போடலாம். போட்டா கணக்குல உங்க பேரு இருக்கும். பேங்க்காரங்களுக்கு அதுதான் வேணும்."

பெயர் இருக்கும் என்றது அவனுக்குப் போதுமானதாக இருந்தது. சரி, வரி வராமல் போனது அரசாங்கத்தின் நஷ்டம் என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது. திருவாரூர்ப் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர். அறை சின்னது, அவர் குரல் பெரியது. "அலோ, நீலாக்கா வீடுங்களா? நாத்து பறிக்க ஆள் எறங்கிருச்சு. நெத்திலியும் வாளையும் நாளைக்கே வேணும்னு அக்காகிட்ட சொல்லிடுங்க. நீங்க யாரு பேசறது?"

"நான்தான்... வீட்டுல" என்று சொல்லிவிட்டு அமிர்தலிங்கம் போனைச் சட்டைப்பையில் போட்டான்.

தஹ்மீனா தட்டச்சு செய்வதை நிறுத்தியிருந்தாள். "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. வியாபாரம் யாரு செய்யறது?"

"ரெண்டு பேரும்தான். பணம் என் கணக்குலதான் வருது, பாருங்க."

"கணக்குல வந்ததெல்லாம் வருமானம் ஆயிடாதுண்ணே. எங்கப்பா காசை எங்கிட்ட குடுத்து வச்சா அது என் சம்பாத்தியமா? ஏலத்துல காசு போட்டு எடுக்கறது யாரு, கடன் குடுக்கறது யாரு, நட்டம் வந்தா யாரு தலையில விடியும், அவங்க பேர்லதான் ரிட்டர்ன் போடணும். கடைசில இதெல்லாம் உண்மைன்னு உறுதிமொழி குடுக்கணும். மாத்திப் போட்டு நாளைக்கு ஏதாவது கேள்வி வந்தா நீங்க ரெண்டு பேரும்தான் அலையணும். நீங்க சொல்லுங்கக்கா."

நீலா சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். "அவரு பேர்லயே இருந்துட்டுப் போகட்டும் தங்கச்சி. யாரு பேர்ல இருந்தா என்ன."

அமிர்தலிங்கம் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் சொன்ன வார்த்தையில் ஒரு குற்றமும் இல்லை. குரல்தான் உறுத்தியது. அடம்பிடிக்கிற பிள்ளையிடம் விட்டுக்கொடுக்கிற குரல். பஞ்சாயத்தார் அவனை வரியிலிருந்து விலக்கியபோது என்ன குரலில் பேசினார்களோ அதே குரல். பேங்கில் அவன் முந்திக்கொண்டபோது அவள் பேசாமல் இருந்ததும், இரண்டு நாள் டீக்கடைப் பெருமையைக் காதில் வாங்காதவள் மாதிரி இருந்ததும் ஏன் என்று அவனுக்கு இப்போதுதான் புரிந்தது. வீட்டிலும் இரக்கம்தான் நடந்துகொண்டிருந்திருக்கிறது.

"வேணாம்" என்றான். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "எனக்கு ஒண்ணும் யாரும் விட்டுக்குடுக்க வேணாம். அவ பேர்லயே போடுங்க."

கோபத்தில் கொடுத்ததுதான், மனசார இல்லை. ஆனால் தஹ்மீனாவுக்கு அந்த வித்தியாசம் தேவைப்படவில்லை. நீலாவின் பான் எண்ணைத் தட்டிப் புதிதாகத் தொடங்கினாள். "இனிமே பணம் அக்கா கணக்குக்கே வர்ற மாதிரி க்யூஆர் அட்டையை மாத்திடுங்க" என்றாள். விலாசம், பேங்க் கணக்கு, தொழில் என்ன, விற்பனை எவ்வளவு என்று வரிசையாகப் போனது. நீலா ஒவ்வொன்றுக்கும் முதலில் தயங்கித் தயங்கியும், பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தும் பதில் சொன்னாள். கடைசியில் உறுதிமொழிப் பக்கம் வந்தது.

"அக்கா, அப்பா பேரு?"

"சிங்காரவேலு."

"நீலாயதாட்சி ஆகிய நான், சிங்காரவேலுவின் மகள், இந்த ரிட்டர்னில் உள்ளது எனக்குத் தெரிந்தவரை சரியானது, முழுமையானது என்று உறுதி கூறுகிறேன். இப்படித்தான் இங்க போட்டிருக்கு. சரியா?"

"புருஷன் பேரு எங்க வரும்?" என்று கேட்டான் அமிர்தலிங்கம்.

"இதுல புருஷன் பேருக்கு இடம் இல்லண்ணே. அப்பா பேரு மட்டும்தான்."

அவன் எழுந்து வந்து திரையைப் பார்த்தான். மேலிருந்து கீழ்வரை பார்த்தான். உண்மையாகவே எங்கேயும் இல்லை. செத்துப்போய்ப் பத்து வருஷம் ஆன மாமனாருக்கு இடம் இருக்கிறது. கழுவி, காயவைத்து, காக்காய் விரட்டுகிற அவனுக்கு ஒரு ஓரத்தில்கூட இடம் இல்லை. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தது வேறு இப்போது வெட்கமாக இருந்தது.

"அவ்வளவுதான். அனுப்பிட்டேன்" என்றாள் தஹ்மீனா. "ஆனா அனுப்பினா மட்டும் போதாது. இது நான்தான் அனுப்பினேன்னு உறுதி பண்ணணும். இல்லன்னா போட்டதும் போடாததும் ஒண்ணுதான். ஆதார்ல இருக்கற போனுக்கு ஒரு ஓடிபி நம்பர் வரும், அதைச் சொல்லுங்க. ஆதார்ல யாரு போன் குடுத்திருக்கீங்க?"

ஆதார் எடுத்த காலத்தில் வீட்டில் ஒரே ஒரு போன்தான் இருந்தது. நீலா அமிர்தலிங்கத்தைப் பார்த்தாள். தஹ்மீனாவும் பார்த்தாள். அவன் சட்டைப்பைக்குள் போன் "டிங்" என்றது.

அமிர்தலிங்கம் போனை எடுத்தான். ஆறு இலக்கம், பளிச்சென்று தெரிந்தது. அந்த அறையில் இரண்டு பேர் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் பேசினால்தான் காரியம் நடக்கும் என்று யாரும் காத்திருந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அந்தக் காத்திருப்பு அவனுக்கு இனித்தது. இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று தோன்றியது. பிறகு அது அப்படியே கசந்து, தன் பெயர் இல்லாத காரியம் நடக்காமலே போகட்டும் என்று மாறிவிட்டது.

"வரல" என்றான்.

தஹ்மீனா திரையைப் பார்த்தாள். "அனுப்பியாச்சுன்னு காட்டுதே."

போன் சத்தம் நீலாவுக்குக் கேட்டிருக்கிறது. அது அவனுக்கும் தெரியும். அவள் அவன் கண்ணைப் பார்க்காமல் சொன்னாள்: "இந்த ரூமுக்குள்ள டவர் எடுக்காது போல. கொஞ்சம் வெளிய போய்ப் பாருங்க."

வெளியே வந்து வாடாக் கடை ஓரமாக நின்றான். எண்ணெயில் இறால் வாடா உப்பிக்கொண்டு வந்தது. யாத்திரைக்கு வந்த கூட்டம் ஒன்று அவனை இடித்துக்கொண்டு போயிற்று. பொய் சொன்னவன் அவன். அந்தப் பொய்க்குச் சால்ஜாப்பு கண்டுபிடித்துக் கொடுத்தவள் அவள். மூன்றாம் மனுஷி முன்னால் அவன் தலை குனியக் கூடாது என்று, ஆசைப்பட்ட வண்டியே கிடைக்காமல் போனாலும் பரவாயில்லை என்று கொடுத்திருக்கிறாள். கோபப்பட்டிருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

கடலில் ஒரு வழக்கம் உண்டு. வலை நிறைய மீன் விழுந்த நேரத்தில் எஞ்சின் மக்கர் செய்தால், பக்கத்தில் இருக்கிற போட்டுக்காரன் அந்த மீனை ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்து கொடுப்பான். ஏலக்காரன் அதை ஏற்றிவந்தவன் பெயரில் கூவ மாட்டான், வலை போட்டவன் பெயரில்தான் கூவுவான். பாடு வலை போட்டவனுடையது. மீன்பிடிப்புக்கும் பாடு என்றுதான் பெயர், பட்ட கஷ்டத்துக்கும் பாடு என்றுதான் பெயர், இரண்டையும் அவர்கள் ஊரில் பிரித்துப் பேசுவதில்லை. ஏற்றிவந்தவனுக்கு டீசல் காசும் ஒரு கும்பிடும் உண்டு. அமிர்தலிங்கம் எத்தனையோ தடவை அப்படி ஏற்றிவந்திருக்கிறான். ஒரு தடவைகூட அதைத் தன் பாடு என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் கடற்கரையே சிரித்திருக்கும். இன்றைக்கு மட்டும் பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு வந்து சொல்லியிருக்கிறான்.

போதும் என்று திரும்பினான். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே நீலா பார்ப்பதற்காகத் தஹ்மீனா அந்த ரிட்டர்னை ஒரு தாளில் அச்செடுத்துக் கொடுத்திருந்தாள். நீலா அதைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுல என் பேரு எது?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். தஹ்மீனா காட்டினாள். ஆங்கிலத்தில் நீளமாக இருந்த அந்தப் பெயரின் மேல் நீலா விரலை வைத்து, ஒரு முனையிலிருந்து மறு முனைவரை மெதுவாகத் தடவிக்கொண்டு போனாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் வெடுக்கென்று விரலை எடுத்துவிட்டாள்.

அந்த விரல் விலகினது அமிர்தலிங்கத்தை அறைந்தது. ஊர்க்கூட்டத்தில் பெயர் வாசிக்கிற நாளில் பெண்கள் கோயில் மதிலுக்குப் பின்னால் நிற்பார்கள். ஒவ்வொரு வருஷமும் அவளும் நின்றிருக்கிறாள், அவன் "இருக்கேன்" என்பதைக் கேட்பதற்காக. அவள் பெயரை யாரும் எந்த வருஷமும் வாசித்ததில்லை. தன் பெயர் ஒரு தடவை விட்டுப்போனதற்கு அவன் இத்தனை நாள் மாய்ந்து மாய்ந்து போயிருக்கிறான். அவளுக்கு விட்டுப்போவதற்குக்கூட ஒரு பெயர் இருந்ததில்லை. அப்படி ஒன்று இப்போதுதான் கிடைத்தது, அதையும் திருடினவள் மாதிரி ஒளிக்கிறாள். அவனுக்குத் தன்மேல் வந்த வெறுப்பைச் சொல்லி முடியாது.

"அந்த நம்பருக்கு நேரம் முடிஞ்சிருக்கும். இன்னொரு தடவை அனுப்பச் சொல்லும்மா" என்றான்.

போன் "டிங்" என்றது. இந்தத் தடவை நின்ற இடத்திலேயே படித்தான். ஏலம் கூவுகிற மாதிரி ஒவ்வொரு இலக்கமாக நிறுத்திச் சொன்னான். குரல் தெருவரைக்கும் கேட்டிருக்க வேண்டும், வாடாக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"போயிருச்சு" என்றாள் தஹ்மீனா. பிரிண்டர் ஒரு தாளைத் தள்ளியது. "இதுதான் ஒப்புகை. பேங்க்ல இதைக் குடுங்கக்கா."

நீலா தாளை வாங்கி மடிக்காமல் வைத்துக்கொண்டாள். "அப்ப நான் வரிக்காரியா?" என்று பாதி விளையாட்டாகக் கேட்டாள். மணல்மேட்டுக்குப்பத்தில் அப்படி ஒரு சொல் கிடையாது. யாரும் அதுவரை சொன்னதும் இல்லை.

"வரியே இல்லையேக்கா" என்று தஹ்மீனா சிரித்தாள்.

"கட்டினாதான் வரிக்காரின்னு இல்லம்மா. பேரு ஏறிடுச்சு" என்றான் அமிர்தலிங்கம். தஹ்மீனாவுக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிட்டு வாசல்வரை போனவன் திரும்பினான். "ஆதார்ல போன் நம்பர மாத்தணும்னா எங்க போகணும்?"

"ஆதார் சென்டருக்குப் போகணும்ணே. இங்க பக்கத்துலயே இருக்கு. யாரோடதை மாத்தணும்?"

"இவளோடதை. இவ பட்டன் போன் நம்பரையே குடுத்துடணும்."

"இப்ப என்னத்துக்குங்க அது?" என்றாள் நீலா. "உங்க போன்ல வந்தா ஆகாதா?"

"அடுத்த வருஷமும் எனக்கு டவர் கிடைக்காமப் போயிட்டா?"

நீலா அவனை நேராகப் பார்த்தாள். அவன் தலை குனியவில்லை, சிரிக்கவும் இல்லை. அவள் இல்லை வேண்டாம் என்று சொல்வாள், உங்களை நம்பாமலா என்பாள் என்று அவன் எதிர்பார்த்தான். கொஞ்சம் ஆசைப்பட்டான் என்றுகூடச் சொல்லலாம்.

"அப்ப இன்னிக்கே போயிடுவோம்" என்றாள் அவள்.